மூணு சட்டைக்கு ஒரு தூக்கு

வாங்கம்மா, வாங்க. நேத்து போன் பண்ணுனது நீங்கதானே, காட்டூர்லேர்ந்து? உள்ள வாங்க. ஃபேனுக்கு நேரா உக்காருங்க. சுவரைப் பாத்துட்டுதானே வர்றீங்க? போட்டோ எடுத்தீங்களா? கீழ "உபயம்"னு போட்டிருக்கே, அதுவும் விழுந்துச்சா? விழலைன்னா போகும்போது இன்னொண்ணு எடுத்துக்குங்க. எனக்காகச் சொல்லலை. முழுசா இருக்கணும்ல, அதுக்குத்தான்.

உங்க தெருவுலயும் இதே மாதிரி ஒரு சுவர் வைக்கணும், பழைய துணி, சாப்பாடு, சாமான் எல்லாம் வச்சா இல்லாதவங்க எடுத்துட்டுப் போவாங்க, அதுக்கு என்னென்ன செய்யணும்னு கேட்டீங்க. போன்லயே சொல்லியிருப்பேன். முப்பத்தி நாலு வருஷம் டெலிபோன் ஆபீசுல இருந்து சூப்பர்வைசரா ரிட்டயர் ஆனவ, எனக்குப் போன்ல பேசறது புதுசா? ஆனா இதை நேர்ல சொன்னாதான் சரியா வரும்னு தோணுச்சு. முறுக்கு எடுத்துக்குங்க, வீட்டுல சுட்டது.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் தற்பெருமை பேசுற ஆள் இல்ல. ஆனா இந்தத் தெருவுல ஒரு நல்லது நடந்துச்சுன்னா அதுல என் கை இல்லாம இருக்காது. மூலைப் பிள்ளையார் கோயில் ட்யூப்லைட்டு? நான். குப்பை வண்டி காலையில ஏழு மணிக்கே டாண்ணு வந்து நிக்குதே? என் வாய். எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு, "திலகா, அந்தக் கோயில்ல எங்க திரும்புனாலும் உன் பேருதான். பிள்ளையாருக்குத் தன் பேரே மறந்திருக்கும்"னு. அவரு அப்படித்தான் ஏதாவது சொல்லிக்கிட்டிருப்பாரு. அதையெல்லாம் நான் காதுல வாங்கிக்கிறதில்ல.

சித்திரையில ஆரம்பிச்சேன். தெருக்கோடியில ஒரு காலி மனை, அதுக்கு ஒரு சுத்துச்சுவர். மனைக்காரர் கோயமுத்தூர்ல இருக்காரு. போன் போட்டுக் கேட்டேன், "தாராளமா செய்யுங்கம்மா"ன்னாரு. வெள்ளையடிச்சு, வரிசையா ஆணி அடிச்சு, மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு ஸ்லாப் வச்சு, மழைக்கு ஒரு தகரமும் போட்டாச்சு. "கருணைச் சுவர். இருப்பதை வையுங்கள், வேண்டியதை எடுங்கள்"னு பெயிண்டர் எழுதுனாரு. அதுக்குக் கீழ, "உபயம்: வீ. திலகவதி, தொலைபேசித் துறை (ஓய்வு)". அந்த ஆளுக்கு அளவு தெரியலை, கருணையை விட உபயத்தைப் பெருசா எழுதிட்டாரு. நான் சொல்லலைம்மா, சத்தியமா. எழுதுனதை அழிச்சா சுவர் அசிங்கமாயிடுமேன்னு விட்டுட்டேன்.

ஜனங்க என்னத்தை வச்சாங்கன்னு கேளுங்க. எதிர்வீட்டுச் சுகந்தி ஒரு கோட்டு கொண்டாந்து மாட்டுனா. அவ வீட்டுக்காரரோட கல்யாணக் கோட்டு. சித்திரை மாசத்துத் திருச்சி வெயில்ல எவன்மா கோட்டு போடுவான்? இன்னொரு வீட்டுல ஒத்தைச் செருப்பு. மூடியில்லாத மிக்ஸி ஜாரு. தபால்ல எம்.ஏ. படிச்ச நோட்ஸ் ஒரு கட்டு. வீட்டுல கிடக்கற குப்பையைத் தானம்னு பேரு வச்சுக் கழிச்சுக் கட்டறாங்க! எனக்கு அப்படி ஒரு கோவம். நான் வச்சது துண்டு. நல்ல துண்டு. நடுவுலதான் கொஞ்சம் நைஞ்சிருக்கும், ஓரமெல்லாம் கெட்டி.

சாப்பாடு மேல் ஸ்லாப்புல. பின்பக்கத் தெருவுல ஒரு அபார்ட்மெண்ட் எழும்புது பாத்திருப்பீங்க. கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆளுங்க, குடும்பம் குட்டியோட வந்து தகரக் கொட்டாய் போட்டுத் தங்கி வேலை பாக்குறாங்க. நான் ஒரு நாள் சாம்பார் சாதம், சுகந்தி ஒரு நாள் தக்காளி சாதம்னு ஒரு குண்டான் நிறைய கிளறி வைப்போம். மதியம் வந்து வாங்கிக்குவாங்க. ஆனா எதுல வாங்குறாங்க? ஒருத்தி பாலிதீன் கவரை நீட்டுவா. சாதம் கொதிக்கக் கொதிக்க இருக்கும், கவர் இளகித் தொங்கும். ஒருத்தன் சிமெண்ட் கலக்கற சட்டியைக் கழுவிக் கொண்டாந்தான். நான் சத்தம் போட்டேன். "சோறு ஓசியில வருது, வீட்டுலேர்ந்து ஒரு ஏனம் எடுத்துட்டு வரக் கூடவா சோம்பல்?"  நின்னு வாங்கிட்டுப் போனாங்க. ஒழுங்கு சொல்லிக் குடுக்கணும்ல, நம்மதானே சொல்லணும்? அதுக்கப்புறம் குண்டானை ஸ்லாப்புல வச்சுட்டு நான் வந்துடுவேன், அவங்களே போட்டுக்குவாங்க.

இப்ப மருதாயியைப் பத்திச் சொல்லணும். அவ பாத்திரக்காரி. பழைய துணியை வாங்கிக்கிட்டு எவர்சில்வர் பாத்திரம் குடுக்கறவ. உங்க பக்கமும் வருவாங்களே, கூடையைத் தலையில வச்சுக்கிட்டு, "பழைய துணிக்குப் பாத்திரேம்"னு இழுத்துக்கிட்டு. இந்தத் தெருவுக்குப் பத்தொம்போது வருஷமா செவ்வாய்க்கிழமை தவறாம வருவா. அந்தக் கூடை கனம் உங்களுக்குத் தெரியாது, ஒருத்தர் கை குடுத்தாதான் தலையிலேர்ந்து இறக்க முடியும், ஏத்த முடியும். நம்ம கேட்டுலதான் இறக்குவா. நான்தான் கை குடுப்பேன். அப்புறம் ஒரு மணி நேரம் பேரம். "இந்தப் பேண்ட்டுல முட்டி வெளுத்துருக்குக்கா, இன்னொரு சட்டை போடுங்க." "அடியே, உன் சம்புடத்துல மூடி சேரவே இல்ல, அதுக்கு இதுவே சாஸ்தி." என் சமையக்கட்டுல பாதி அவ தலையில வந்ததுதான்.

அந்தத் துணியெல்லாம் என்ன பண்ணுவான்னு நான் கேட்டதே இல்ல. கிழிசலைத் தைச்சு, பட்டன் வச்சு, இஸ்திரி போட்டுச் சந்தையில விப்பாளாம். கொத்தனாருக்கு முழுக்கைச் சட்டை, சித்தாளுக்குச் சேலைக்கு மேல போட்டுக்கற பெரிய சட்டைன்னு யாருக்கு எது வேணும்னு அவளுக்கு அத்துப்படி. இதெல்லாம் பின்னாடிதான் எனக்குத் தெரிஞ்சுது.

சுவர் வச்சப்புறம் எங்க தெரு நலச் சங்கத்துக் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு சொன்னேன். "தானம் வேற, வியாபாரம் வேற. ஒரு டப்பாவுக்கு ஆசைப்பட்டு நல்ல துணியைப் பாத்திரக்காரிக்குப் போடறோம். இனிமே இந்தத் தெருத் துணி ஒண்ணு கூட வெளிய போகக்கூடாது. எல்லாம் சுவருக்கு." கைதட்டுனாங்கம்மா! என் பேச்சுக்கு இந்தத் தெருவுல எதிர்ப்பேச்சு கிடையாது.

அடுத்த செவ்வாய் அவ வந்தா. "துணி இல்லையாக்கா?"ன்னா. "எல்லாம் சுவருக்குப் போயிடுச்சு மருதாயி, இல்லாதவங்களுக்கு"ன்னேன்.  "நல்லதுக்கா"ன்னுட்டுப் போயிட்டா. கூடையை இறக்கவே இல்ல. பரவால்லையே, படிக்காதவளா இருந்தாலும் எவ்வளவு பெருந்தன்மையாப் புரிஞ்சுக்கிட்டான்னு நான் சந்தோஷப்பட்டேன். வாரா வாரம் வந்துக்கிட்டுதான் இருந்தா. ஒரு கேட்டும் திறக்கலை. அவ கூவுற சத்தம் மட்டும் சின்னதாகிக்கிட்டே வந்துச்சு. தொண்டை கட்டியிருக்கும்னு நெனச்சு, மிளகு தட்டிப் போட்டுப் பால் குடின்னு சொன்னேன். அந்த அளவுக்கு எனக்கு அவ மேல அக்கறை.

ஆனி கடைசியில ஒரு அதிசயம் நடந்துச்சு. சுவத்துல துணி காணாமப் போக ஆரம்பிச்சுது. போறது நல்லதுதானே? ஆனா நல்ல சட்டை, நல்ல சேலை மட்டும்தான் போகுது. கோட்டு அப்படியே தொங்குது. என் துண்டைக் கூட யாரும் தொடலை! கொட்டாய் ஆளுங்க மேல அதுல ஒரு சட்டையும் காணோம். எனக்குச் சந்தேகம் தட்டுச்சு.

அதே சமயத்துல இன்னொண்ணு. ஒரு நாள் காலையில கீழ் ஸ்லாப்புல, அந்த எம்.ஏ. நோட்ஸ் கட்டுக்குப் பின்னாடி, ஒரு புதுத் தூக்கு இருந்துச்சு. பளபளன்னு. மூடி, கைப்பிடி எல்லாம் அம்சமா. யாரோ மறந்து வச்சுட்டுப் போயிட்டாங்க பாவம், திருட்டுப் போயிடுமேன்னு வீட்டுக்குக் கொண்டாந்து பத்திரமா வச்சேன். யாரும் தேடிக்கிட்டு வரலை. அடுத்த வாரம் ஒரு சம்புடம். அதுக்கடுத்தாப்புல இன்னொண்ணு. அதையும் பத்திரப்படுத்தினேன். தூக்கை மட்டும் எங்க வீட்டுக்காரர் பால் வாங்க எடுத்துட்டுப் போவாரு. சும்மா வச்சிருந்தா கறுத்துடும் பாருங்க.

எவர்சில்வர் எங்க கறுக்கும்னு நீங்க பாக்குறது புரியுதும்மா. முறுக்கு எடுத்துக்குங்க.

ஆடி ரெண்டாவது செவ்வாய். காலையில அஞ்சரை மணிக்கே எந்திரிச்சு, அந்த மனைக்கு எதிர்த்தாப்புல வேப்பமரம் இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி போய் நின்னேன். ஆறு மணிக்கு வர்றா. யாரு? மருதாயி! கூடையை அந்த ஸ்லாப்பு மேலயே சாச்சு இறக்கி வச்சா. ஆணியிலேர்ந்து சட்டையை ஒண்ணொண்ணா எடுத்து உதறிப் பாத்து, மடிச்சு, மூட்டையில வச்சா. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. இல்லாதவங்களுக்கு வச்சதை எடுத்து விக்கிறாளே பாவி!

"அடி திருடி!"ன்னேன்.

என் குரல் எப்படின்னுதான் கேட்டுக்கிட்டிருக்கீங்களே. பல்லு விளக்கிக்கிட்டிருந்தவங்க, கோலம் போட்டுக்கிட்டிருந்தவங்க, அத்தனை பேரும் கூடிட்டாங்க. அவ அழலை. ஓடலை. கையில இருந்த சட்டையை முழுசா மடிச்சுட்டுத்தான் நிமிந்து பாத்தா.

"சும்மா எடுக்கலைக்கா. மூணு சட்டைக்கு ஒரு தூக்கு, ரெண்டு சேலைக்கு ஒரு சம்புடம். உங்க வீட்டு வாசல்ல போடுற அதே விலைதான். யாரும் கேட்டைத் திறக்கலை. துணி இங்கதான் இருந்துச்சு. அதான் பாத்திரத்தை வச்சுட்டு எடுத்துக்கிட்டுப் போறேன்."

சுகந்தி சொன்னா, "சும்மாவே எடுத்துக்கலாம்னுதானே எழுதியிருக்கு?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஆனா நான் இந்தத் தெருவுக்குப் பிச்சைக்கு வரலையே, யாவாரத்துக்குத்தானே வந்தேன்."

நான் விடலை. "பாத்திரம் வச்சியா? எங்க வச்ச? எத்தனை வச்ச? ஒண்ணு காட்டு பாப்போம்! தினம் இந்தச் சுவரைப் பாக்கறவ நான், என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே!" அப்படித்தாம்மா கேட்டேன். அந்த நிமிஷம் எனக்கு நெசமாவே ஞாபகம் இல்ல. நீங்க நம்புவீங்களோ மாட்டீங்களோ. பத்திரமா எடுத்து வச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு என் புத்தியில உறைக்கவே இல்ல.

அப்பதான் எங்க வீட்டுக்காரர் வர்றாரு. பால் வாங்கிட்டு. தூக்கை ஆட்டிக்கிட்டு. "என்னம்மா கூட்டம்?"னு கேட்டுக்கிட்டே.

மருதாயி அந்தத் தூக்கைப் பாத்தா. அவ கூடையில அன்னைக்கு வைக்கறதுக்குன்னு கொண்டாந்த தூக்கு ஒண்ணு மேலாப்புல இருந்துச்சு. ரெண்டும் ஒரே அச்சு. வயித்துல ரெண்டு வரி, மூடியில ஒரு குமிழ். சுகந்தி அதைப் பாக்கறா, இதைப் பாக்கறா. "அக்கா, இந்தத் தூக்கு..."ன்னு இழுத்தா.   முப்பத்தி நாலு வருஷத்துல வார்த்தை வராம நான் நின்னது அன்னைக்குத்தான்.

"அது போன வருசம் நான் அக்காவுக்குக் குடுத்தது"ன்னா மருதாயி. "பட்டுச் சேலைக்கு."

சொல்லிட்டு, மூட்டையைப் பிரிச்சு, எடுத்த சட்டையெல்லாம் ஒண்ணொண்ணா ஆணியில திருப்பி மாட்டுனா. கூடைக்கு யாரும் கை குடுக்கலை. பத்துப் பதினஞ்சு பேரு நிக்கறோம், ஒருத்தரும் நகரலை. எங்க வீட்டுக்காரர்தான் பாலைக் கீழ வச்சுட்டுப் போய்த் தூக்கி விட்டாரு. அவ போயிட்டா. கூவலை.

வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னேன், "பாத்தீங்களா, அவளே சொல்லிட்டா, போன வருஷம் குடுத்ததுன்னு." அவரு பாலை அடுப்புல வச்சுக்கிட்டே கேட்டாரு: "எந்தப் பட்டுச் சேலையைப் போட்ட, திலகா?" அவ்வளவுதான்.  அன்னைக்குப் பால் திரிஞ்சு போச்சு. தூக்கைச் சரியாக் கழுவலைன்னு அவரைப் பிடிச்சுத் திட்டுனேன். யாரையாவது திட்டணும் போல இருந்துச்சு.

மறுநாள் விடியறதுக்குள்ள அந்தத் தூக்கையும் ரெண்டு சம்புடத்தையும் தேய்ச்சுக் கழுவி, யாரும் பாக்காம கொண்டு போய் சுவத்துல வச்சேன். மத்தியானத்துக்குள்ள மூணும் போயிடுச்சு. சரி, தீந்துது விஷயம்னு நெனச்சேன். தீரலை. படுத்தா அவ அந்தச் சட்டையைத் திருப்பி மாட்டுனதுதான் கண்ணுக்குள்ள வருது.

அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில்ல கூழ் ஊத்துனோம். வருஷா வருஷம் ஊத்தற கரண்டி என் கையிலதான் இருக்கும். தெருக்காரங்க, கொட்டாய் ஆளுங்க, ரோட்டுல போறவங்கன்னு வரிசை நீண்டு நிக்குது. நான் பாட்டுக்குக் குனிஞ்ச தலை நிமிராம ஊத்திக்கிட்டே வர்றேன். ஒரு தூக்கு. ஊத்துனேன். இன்னொரு தூக்கு. வயித்துல ரெண்டு வரி, மூடியில குமிழ். அடுத்தாப்புல சம்புடம். மறுபடி தூக்கு. நிமிந்து பாத்தேன். கொட்டாய்ப் பொம்பளைங்க வரிசையா நிக்குறாங்க, அத்தனை பேர் கையிலயும் மருதாயி பாத்திரம். கவர் ஒண்ணு கூட இல்ல.

முன்னாடி நின்ன பொண்ணுகிட்ட கேட்டேன், "இது ஏதும்மா?"

"சுவத்துல இருந்துச்சுங்க, விடியக்காலையில வேலைக்குப் போறப்ப ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டோம். இப்பல்லாம் சோறு சூடு ஆறாம போவுது. எங்க பாப்பா கை சுட்டுக்காம திங்குது"ன்னு சொல்லிச்சு. கை சுட்டுக்காம. நான் ஏனம் கொண்டு வரச் சோம்பலான்னு கேட்டேனே, அந்தப் பொண்ணுகிட்ட ஏனமே இருந்ததில்லம்மா. அவங்களுக்கு எது வேணும்னு மருதாயியாவது யாவாரத்துல தெரிஞ்சோ தெரியாமலோ வச்சா. நான் நைஞ்ச துண்டு வச்சேன்.

கரண்டியை அண்டாவுலயே போட்டுட்டேன். மைக்கு பக்கத்துல இருந்துச்சு, ஆனா எடுக்கலை. எடுக்காமலே எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னேன். "அந்தத் தூக்கு நான் பட்டுச் சேலை போட்டு வாங்குனது இல்ல. சுவத்துலேர்ந்து எடுத்தது. ரெண்டு சம்புடமும் எடுத்தேன். இந்தத் தெருவுல திருடின்னு கூப்பிடணும்னா என்னைக் கூப்பிடுங்க. மருதாயி இல்ல."

ஊரே அதிர்ந்து போகும்னு நெனச்சேன். ஒருத்தரும் அசையலை. சுகந்தி வந்து என் தோளைத் தொட்டு, "விடுங்கக்கா, அன்னைக்கே எங்க எல்லாருக்கும் தெரியும். உங்க மரியாதைக்காகத்தான் பேசாம இருந்தோம்"னா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! என் மரியாதைக்காக வாயை மூடிக்கிட்டு நின்னாங்களாம். சரி, அவ மரியாதை? பத்தொம்போது வருஷமா வந்தவ திருடின்னு பேரு வாங்கிட்டுப் போறாளே, அதுக்கு இந்தத் தெருவுல ஒரு வாயும் திறக்கலையே? சுகந்தியை நல்லாக் கேட்டுட்டேன். கேட்டுட்டு, அப்புறம்தான் வெக்கமாப் போச்சு. இந்தத் தெருவுக்கே வாய் நான்தானே. என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இல்லைன்னு எத்தனை வருஷமா பெருமைப்பட்டிருக்கேன்.

மறுநாள் ரெண்டு பேரும் ஆட்டோ பிடிச்சு அவ வீட்டுக்குப் போனோம், உய்யக்கொண்டான் வாய்க்காலோரம். எங்க வீட்டுக்காரருக்கு வீடு தெரியும். எனக்குத் தெரியாது. ஒரு பை நிறைய அவரோட சட்டை கொண்டு போனேன், நல்ல சட்டை. மருதாயி எங்களைப் பாத்துட்டு எதுவுமே நடக்காத மாதிரி பாயைப் போட்டா. பையைக் கொட்டுனேன். "நான் எடுத்த தூக்குக்கும் சம்புடத்துக்கும்"னேன்.

"அதுக்குத்தான் போன வருசமே பட்டுச் சேலை போட்டுட்டீங்களேக்கா"ன்னா. முகத்துல ஒரு சிரிப்பு இல்ல. கொழுப்பைப் பாருங்க!

"மருதாயி, நான் சொல்லிட்டேன்டி. எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்."

 அவ சட்டையை ஒண்ணொண்ணா எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா. "இது காலர் நைஞ்சிருக்கு, ஆவாது"ன்னு எங்க வீட்டுக்காரர் மடியில திருப்பிப் போட்டா. அவருக்கு ஒரே சந்தோஷம், அந்த ஒரு சட்டையாவது மிஞ்சுச்சேன்னு.

"அன்னைக்கு ஏன்டி பொய் சொன்ன?"ன்னு கேட்டேன்.

"தெரு பூரா நிக்குது. உங்க மொகத்தைப் பாத்தேன். பாக்க முடியலைக்கா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

செவ்வாய்க்கிழமை வாடின்னு கூப்பிட்டேன். வரலைன்னா. கூவாம யாவாரம் இல்ல, கூவலாம்னா வாய் வரலையாம். வேற தெருவுல போய் நின்னு வாயைத் திறந்தாக்கூட, பின்னாலேர்ந்து யாரோ திருடின்னு கத்துற மாதிரியே இருக்காம். மூணு நாளா கூடை வீட்டை விட்டு வெளிய போகலை. அரிசிப் பானை ஓரமா இருந்துச்சு, மூடி விலகி. நான் எட்டிப் பாக்கலை. கண்ணுல பட்டுடுச்சு. அடியில ஒரு கை அரிசி.

"நீ கூவாத. கூடையைத் தூக்கிட்டு வா, போதும். நான் கூவுறேன்"னேன்.

செவ்வாய்க்கிழமை வந்தா. தெரு முனையில நின்னு நான் வாயைத் திறந்தேன். "பழைய துணிகளுக்குப் பாத்திரங்கள் கொடுக்கப்படும்!" மருதாயி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா. "அக்கா, ரயிலு வருதுன்னு நெனச்சு ஜனங்க பொட்டியைத் தூக்கிட்டு ஓடியாரப் போறாங்க. இழுத்துக் கூவுங்கக்கா, இழுத்து." இழுத்தேன். "பாத்திரேம்"னு இழுத்தேன். ஒவ்வொரு கேட்டுலயும் நின்னு, திறக்கிற வரைக்கும் நகரலை. சுகந்தி நாலு சட்டை கொண்டாந்தா, தூக்கு வாங்குனா, அவளே கொண்டு போய் அதைச் சுவத்துல வச்சுட்டு வந்தா. அவளைப் பாத்து மத்தவங்களும் அப்படியே செஞ்சாங்க. இப்ப அதுதான் எங்க வழக்கம். துணி மருதாயிக்கு, பாத்திரம் சுவருக்கு. உங்க தெருவுலயும் சுவருக்கு வெள்ளையடிக்கறதுக்கு முன்னாடி, அங்க துணிக்குப் பாத்திரம் போடறவ யாருன்னு விசாரிச்சுப் போய் முதல்ல அவகிட்ட பேசுங்க. நோட்டுல எழுதிக்கிட்டீங்களா?

இருங்க, எந்திரிக்காதீங்க, இதைக் கேட்டுட்டுப் போங்க. அன்னைக்குத் தெருக்கோடியில கடைசி வீடு. புதுசா வாடகைக்கு வந்த பொண்ணு, என்னைத் தெரியாது, நடந்த கதையும் தெரியாது. நான் தெருப் புழுதியில, வேர்த்து வழிஞ்சு, கையில தூக்கோட நிக்கறேன். மூணு சட்டையைக் கையில வச்சுக்கிட்டு என்னை ஏற இறங்கப் பாத்தா.

"ஏம்மா, மூணு நல்ல சட்டைக்கு இத்தனூண்டு தூக்கா? ஏமாத்தப் பாக்குறியா? உங்களையெல்லாம் நம்பவே முடியாதும்மா"ன்னா.

நான் பதில் சொல்ல வாயைத் திறக்கறதுக்குள்ள மருதாயி முன்னாடி வந்தா.

"இவங்களை நம்பலாம் கண்ணு. இவங்க யாரையும் ஏமாத்த மாட்டாங்க. பத்தொம்போது வருசமா எனக்குத் தெரியும், நான் பொறுப்பு"ன்னா.

அந்தப் பொண்ணு சட்டையை என் கையில குடுத்துச்சு. எனக்கு அதை மடிக்க வரலைம்மா. நடுத்தெருவுல நின்னு அழுதேன்.